வாசகர் கேள்வி – பதில்: நீலத்தொப்பிக்காரர் நல்லவரா?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். மகன் பெங்களூரில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டின அடுக்குமாடியில் இருக்கிறான். இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தேன். பால்கனியில் கீரை ஆய்ந்துகொண்டே கீழே ஆடுகிறவர்களைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. நீலத்தொப்பி போட்ட ஒருவர், பந்து புதருக்குள் போய்விட்டால் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஷூவால் மெல்லத் தள்ளி நல்ல இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். மூன்று தடவை பார்த்தேன். பை தூக்குகிற பையனைத் தவிர பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இதே மனுஷர் அடித்த பந்து ஒருநாள் எங்கள் துளசித் தொட்டியை உடைத்துவிட்டது. அவராகவே வீட்டை விசாரித்து மாடியேறி வந்து மன்னிப்புக் கேட்டார், மறுநாள் புதுத் தொட்டியும் வாங்கிக் கொடுத்தார். இவரை எதில் சேர்ப்பது?

பதில்: முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. கோல்ஃபில் பந்து விழுந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். தண்ணீர் தேங்கின இடம், வண்டிப் பாதை என்றால் சும்மாவே நகர்த்தலாம். அடிக்கவே முடியாத புதர் என்றால் ஓர் அடியைத் தண்டனையாகக் கணக்கில் கூட்டிக்கொண்டு நகர்த்தலாம். அப்போதும் கையால் எடுத்து முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும், 2019க்கு முன்னால் தோள் உயரம். ஷூவுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் நீங்கள் பார்த்தது தப்புதான், சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் கூடவே வருவதில்லை, அவரவர் அடியை அவரவரே எண்ணிச் சொல்ல மற்றவர்கள் நம்புகிறார்கள். 1925இல் அமெரிக்க ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் அடிக்கத் தயாரானபோது பந்து இம்மி அசைந்துவிட்டது. வேறு யார் கண்ணிலும் படவில்லை. அவரே சொல்லி ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். கடைசியில் சமநிலையாகி, கூடுதல் ஆட்டத்தில் ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றார்.

சரி, நீலத்தொப்பிக்காரருக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோதுதான் அந்த வரி என்னை நிறுத்தியது: "பை தூக்குகிற பையனைத் தவிர." அவர் சுற்றும்முற்றும் பார்த்தார் என்கிறீர்களே, அந்தப் பையன் பக்கத்திலேயேதான் நிற்கிறான், பந்து எங்கே போகிறது என்று கண்கொட்டாமல் பார்ப்பதே அவன் வேலை, அப்படியும் அவர் அவனை ஓர் ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை. உங்களை எடுத்துக்கொண்டார், அதனால் மாடியேறி வந்தார். அந்த மன்னிப்பு மனசார வந்தது என்றே நம்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், 'தவிர' என்று எழுதினது நீங்களும்தான். முதல் தடவை அதைத் தாண்டிப் போனது நானும்தான்.

இங்கே புதுச்சேரியில் என் வீட்டு மாடிக்கு எதிரே பெத்தாங் என்கிற ஃபிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடுகிற மண்தரை இருக்கிறது. ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாக்கள்தான் அதிகம். சின்ன மரக்குண்டுக்கு யாருடைய இரும்புக்குண்டு கிட்டத்தில் கிடக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் புள்ளி. இரண்டும் ஒரே தூரம் மாதிரித் தெரிந்தால் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும், நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பேன். டேப்பை வைத்து அளப்பார்கள். அதிலும் தகராறு என்றால் டீ கேன் கொண்டுவருகிற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ சொல்லுடா, எது கிட்ட?" என்பார்கள். அவன் கேனைக் கீழே வைத்து, மண்ணில் முழங்காலை ஊன்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, குண்டைத் தொடாமல் விரலால் காட்டுவான். அதுதான் தீர்ப்பு. தோற்றவர் முணுமுணுத்துக்கொண்டே அவனிடமே டீ வாங்கிக் குடிப்பார்.

கேள்வி: நீலத்தொப்பிக்காரர் ஷூவால் பந்தைத் தள்ளுவதைப் பேரன் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவா என்கிறான். நான் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததே தப்போ?

பதில்: பார்த்ததில் தப்பில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் திண்ணையில் இருப்பவரைத் தெருவில் போகிறவரும் பார்ப்பார், "என்னம்மா, சாப்டாச்சா" என்று கேட்டுவிட்டுப் போவார். மாடியிலிருந்து எடுத்த வீடியோவில் அது இல்லை. அதோடு அந்தப் பையனும் அதில் இருப்பான், விவகாரம் ஆனால் முதலில் வேலை போவது அவனுக்குத்தான். அழித்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் புல்லில் உட்கார்ந்து களை பிடுங்குகிற பெண்கள் மேல் பந்து பட்டுவிடாதா?

பதில்: படலாம். 46 கிராம் கூட இல்லாத பந்து, ஆனால் கல் மாதிரி வரும். எட்டுகிற தூரத்தில் ஆள் இருந்தால் காத்திருக்க வேண்டும், அடித்த பந்து ஆள் இருக்கும் பக்கம் திரும்பிவிட்டால் உடனே "ஃபோர்" என்று கத்த வேண்டும், அதுதான் அங்கே முறை. அடுத்த தடவை போகும்போது, அந்தப் பெண்கள் பக்கம் பந்து போனால் கத்துவது ஆடுகிறவரா, பை தூக்குகிற பையனா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள் அம்மா.