கப்பலேறிய கோதுமை

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்ன, அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் நாரிஸின் 'தி ஆக்டோபஸ்' நாவலை எம்ஆர்டி ரயில் பயணங்களிலேயே படித்து முடித்தேன். கலிபோர்னியாவின் கோதுமை விவசாயிகளுக்கும் ரயில் கம்பெனிக்கும் நடக்கும் மோதல்தான் கதை, அதில் பலர் சாகிறார்கள். கோதுமை தானாக விளைகிறது, ரயில்பாதையும் தானாக வளர்கிறது, மனிதர்கள் மேல் பழி போடாதே என்று ரயில் கம்பெனித் தலைவர் ஷெல்கிரிம் கவிஞன் பிரஸ்லியிடம் பேசுகிறாரே, அங்கே திகைத்துப் போனேன். அப்படியானால் இத்தனை சாவுகளுக்கும் யார் பொறுப்பு? நாரிஸ் ரயில்வே பக்கம் சாய்ந்துவிட்டாரா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சாயவில்லை என்றுதான் நான் படித்தேன். அந்தப் பேச்சுக்குச் சற்று முன்னால், குடிப்பழக்கத்தால் வேலையைக் கெடுத்துக்கொண்ட ஒரு குமாஸ்தாவை ஷெல்கிரிம் நீக்காமல் சம்பளத்தை உயர்த்துகிறார். அரக்கனைப் பார்க்கப் போன பிரஸ்லி அந்த இரக்கத்தைப் பார்த்துத் தடுமாறிவிடுகிறான். அடுத்து வரும் பேச்சு அவன் வாயை அடைத்துவிடுகிறது. நம் வாயையும் அது அடைக்க வேண்டியதில்லை.

ஷெல்கிரிமுக்கான பதில் டைக்கின் கதையில் முன்பே வந்துவிட்டது. சம்பளக் குறைப்பை ஏற்காமல் வேலை இழந்த எஞ்சின் டிரைவர் அவர். சரி, விவசாயம் பார்க்கலாம் என்று, பீருக்குச் சேர்க்கும் ஹாப்ஸைக் கடன் வாங்கிப் பயிரிடுகிறார். சரக்குக் கட்டணம் பவுண்டுக்கு 2 சென்ட் என்று முதலிலேயே கேட்டு வைத்திருக்கிறார். விளைச்சலை அனுப்பும் நேரத்தில் அது 5 சென்ட். என்ன கணக்கு இது என்று கேட்டால், தாங்குகிற மட்டும் வாங்குவோம் என்கிறார் ரயில்வேயின் ஆள் பெர்மன். கோதுமை தானாக விளையலாம். அந்த 5 சென்ட்டை ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார்.

விவசாயிகளுக்குத் தலைமை தாங்கும் மேக்னஸ் டெரிக்கை நீங்கள் ஏழை விவசாயியாகப் படித்திருந்தால் இன்னொரு முறை பாருங்கள். அவர் பெரும் பண்ணையார், லஞ்சம் கொடுத்தவர். 1880 மே 11 அன்று கலிபோர்னியாவின் மசல் ஸ்லூவில் ரயில்வேயோடு நடந்த நில உரிமைத் தகராறில் 7 பேர் செத்தது நிஜம். அதிலிருந்து எழுதியும் நாரிஸ் விவசாயிகளைப் புனிதர்களாக்கவில்லை. அப்புறம் அந்த விருந்து அத்தியாயம்! ரயில்வே பெரிய மனிதர் வீட்டில் தட்டு தட்டாக வருகிறது. அதே நேரம் சான் பிரான்சிஸ்கோ தெருவில், மோதலில் கணவனை இழந்த திருமதி ஹூவன், சின்ன மகள் பக்கத்தில் இருக்கப் பசியில் சாகிறாள். அதை எழுதியவரா ரயில்வேக்காரர்?

எனக்கு அவரோடு சண்டை வேறு இடத்தில். கடைசியில் கோதுமை பஞ்சத்தில் வாடும் இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. மனிதர்கள் அழிந்தாலும் கோதுமை எங்கோ உயிர் காக்கும் என்று ஆறுதல் சொல்கிறார். என்னால் ஆறுதல் கொள்ள முடியவில்லை. 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சத்தில், சென்னை மாகாணத்துத் தானியத்தை வியாபாரிகள் பசித்த ஊர்களிலிருந்தே ரயிலேற்றி, விலை கூடிய இடங்களுக்குக் கொண்டு போனார்கள். இந்தியத் துறைமுகங்களில் ஏற்றுமதியும் நிற்கவில்லை. தானியம் போன பிறகு மனிதர்களும் கிளம்பினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் இங்கே சிங்கப்பூரிலும் இறங்கியவர்களில், நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் இருந்தார்கள்.