வேலூர் வெயிலில் ஏசி கம்ப்ரசர் சூடேறி நின்றுவிடுவது ஏன்?

காட்பாடி வீட்டு மாடியில் உள்ள ஸ்பிளிட் ஏசியின் கம்ப்ரசர், மதியத்தில் 20 நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் தானே கிளம்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அது ஓவர்லோடு சுவிட்ச் (அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிப்பது) கம்ப்ரசரைக் காப்பதன் அடையாளமாக இருக்கலாம்; அழுத்தத்தை அளக்காமல் கேஸ் நிரப்ப ஒப்புக்கொள்ள வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், வெளி யூனிட்டில் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் சுருளில் தூசி படிந்திருந்தாலோ, சுவரை ஒட்டி வைத்த யூனிட் தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்தாலோ, கேஸின் அழுத்தம் ஏறி, மின்னோட்டம் கூடி, கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடாகும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சுருளை மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள் (வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்). அதன் பிறகும் நின்றால், வெளி விசிறி மந்தமாகச் சுழல்கிறதா என்று கவனியுங்கள்; அப்படியானால் என் சந்தேகம் முதலில் விசிறி மோட்டார் சுழல உதவும் கெபாசிட்டர் மீதுதான். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதை மெக்கானிக்கே கழற்றட்டும்.