"டியூப் போய்விட்டது" என்று 7,500 ரூபா வாங்கினார். படம் இன்னும் வரவில்லை

கேள்வி: நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அம்மா பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் தம்பியோடு இருக்கிறார். வீட்டில் இருப்பது பழைய 21 அங்குல டிவி. அப்பா சேமலாப நிதிப் பணத்தில் வாங்கியது என்பதால் அம்மா அதை மாற்றவே விடமாட்டார். அவர் படம் பார்ப்பதற்காக இங்கிருந்து ஒரு ஆண்ட்ராய்ட் பெட்டி அனுப்பினேன். அனுப்பும் முன் இங்கே தட்டை டிவியில் போட்டுப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. அந்தப் பெட்டியில் தட்டை டிவிகளுக்கான எச்டிஎம்ஐ துளை மட்டும்தான், அம்மாவின் டிவியில் அது இல்லை. தம்பி ஜனவரி 9 அன்று ஹட்டன் டவுனில் ஒரு கடைக்குப் போய், டிவியின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்துக் காட்டி, இரண்டையும் இணைக்க 2,400 ரூபாவுக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினான். மாட்டிப் பார்த்தால் படம் வரவில்லை. கடைக்காரர் "கோளாறு டிவியில்தான்" என்று ஒரு ரிப்பேர்காரரிடம் அனுப்பினார். அவர் "டியூப் போய்விட்டது, பாகம் மாற்றியிருக்கிறேன்" என்று பெப்ரவரி 3 அன்று 7,500 ரூபா வாங்கினார். பில் தரவில்லை. இன்றுவரை நீலத் திரையும், மூலையில் பச்சையாக "ஏவி" (பின்னால் உள்ள மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளின் வழி) என்ற எழுத்தும்தான். கன்வெர்ட்டர் பில்லில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று இருக்கிறது. பொலிஸில் போடலாமா? சித்திரைப் புத்தாண்டு லீவில் ஊருக்குப் போகும்போது நேரில் கேட்கலாம் என்றிருக்கிறேன். தம்பி டிவியைக் கழற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்கிறான்.

பதில்: அன்புச் சகோதரி, புத்தாண்டுவரை காத்திருக்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, விற்பனையோ சேவையோ நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். கன்வெர்ட்டர் வாங்கியது ஜனவரி 9. அப்படியானால் ஏப்ரல் 9 தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். நீங்கள் பஸ் ஏறும்போது நாள் கடந்திருக்கும். ரிப்பேருக்கு மே 3 வரை இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் ஒரே கடிதத்தில் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் நல்ல வழக்குகளில் பல இப்படி நாள் கடந்தே வீணாகியிருக்கின்றன. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பெறுமதியாகப் பட்டது அந்தப் பச்சை எழுத்து. பட டியூப் செத்துப்போன டிவி திரையில் ஒரு புள்ளியைக்கூடக் காட்டாது. நீலத் திரை வருகிறது, மூலையில் எழுத்தும் தெரிகிறது என்றால் டியூப் உயிரோடு இருக்கிறது. டிவி செய்கிற வேலையைச் செய்கிறது, அதற்குப் படம்தான் வந்து சேரவில்லை. "டியூப் போய்விட்டது" என்று சொல்லிப் பணம் வாங்கியவருக்கு எதிராக அந்தத் திரையே உங்கள் சாட்சி. இன்று இரவே தம்பியை அதைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்: டிவியைப் போடுவது, ரிமோட்டில் ஏவி-க்கு மாற்றுவது, எழுத்து வருவது, எல்லாம் ஒரே ஓட்டமாக இருக்கட்டும்.

கன்வெர்ட்டரின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கு அங்கேதான் நிற்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்கும், மற்றது ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்கும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அதே டப்பா, அதே மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். அவசரத்தில் கடைக்காரருக்கே மாறிப்போகும். உங்களுக்குத் தேவை முதல் வகை. மூன்று நிறத் துளைகளின் பக்கத்தில் "அவுட்புட்" என்றிருந்தால் சரியான வகை. "இன்புட்" என்றிருந்தால் தலைகீழானதைக் கொடுத்திருக்கிறார். அதில் எத்தனை தரம் மாட்டினாலும் உங்கள் டிவியில் படம் வராது.

சரியான வகைதான் என்றால், குற்றம் சொல்லும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் விசாரணையில் கடைக்காரர் கேட்கப்போவதும் இதைத்தான். கன்வெர்ட்டரின் சின்ன யூஎஸ்பி வயருக்குக் கரண்ட் கொடுத்தீர்களா? பழைய டிவி சிலவற்றில் பின்னால் இரண்டு வரிசை ஏவி துளைகள் இருக்கும், ஒன்று உள்ளே வாங்குவது, மற்றது வெளியே கொடுப்பது. சரியான வரிசையில்தான் மாட்டியிருக்கிறதா? பிறகு பக்கத்துக் காம்பராவில் யாரிடமாவது ஒரு டிவிடி பிளேயர் இரவல் வாங்கி அதே துளைகளில் மாட்டுங்கள். படம் வந்தால் டிவி சுகம், கன்வெர்ட்டர்தான் குறை. டிவிடியிலும் படம் வராவிட்டால் டிவியின் ஏவி பகுதியில் கோளாறு இருக்கலாம், அப்போது கடைக்காரர் மீதான முறைப்பாடு பலவீனப்படும். ரிப்பேர்காரர் மீதானது அப்போதும் நிற்கும்.

சட்டத்துக்கு வருகிறேன். தம்பி போனில் டிவியின் பின்பக்கத்தைக் காட்டித்தானே கன்வெர்ட்டர் கேட்டான்? அப்படிக் கேட்டதன் மூலம் எந்தத் தேவைக்கு வாங்குகிறோம் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்திவிட்டான். அவருடைய அறிவை நம்பி வாங்கினான். அந்த நிலையில், பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1896 ஆம் ஆண்டின் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டமே விற்பனைக்குள் சேர்த்துவிடுகிறது. யாரும் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. அந்தப் போட்டோவை அழித்துவிட வேண்டாம். அது எடுத்த திகதியும் போனில் இருக்கும்.

பில்லில் அச்சிட்ட வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மனம் மாறித் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு அது பொருந்தலாம். பொருளை மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நட்டஈடு கொடு என்று கட்டளையிடும் அதிகாரம் அதிகார சபைக்குச் சட்டத்திலிருந்து வருகிறது. கடைக்காரர் தன் பில்லில் எதை அச்சிட்டாலும் அந்த அதிகாரம் குறையாது.

ரிப்பேர்காரருக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு பொருந்தும். சேவை செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், போட்ட பாகம் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம் அதில் உண்டு. என்ன பாகம், என்ன விலை என்று எழுதிப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

பொலிஸ்? என் கருத்தில் இப்போது வேண்டாம். ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு ஆரம்பத்திலேயே நேர்மையற்ற நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். கோளாறைத் தவறாகக் கண்டுபிடித்தார் என்பது மட்டும் அதற்குப் போதாது. அதிகார சபையில் பலன் கிடைக்காவிட்டால் 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும், இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசம் செய்யும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, தம்பியே பேசலாம்.

தம்பி டிவியைக் கழற்றக் கூடாது. இதை இன்றே போனில் சொல்லுங்கள். அந்த வகை டிவியில் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். தம்பியின் உயிரைவிட அந்த 7,500 ரூபா பெரிதல்ல. கழற்றினால் வழக்கும் கெடும், "அவன் கை வைத்ததால்தான் பழுதானது" என்று ரிப்பேர்காரர் சொல்லிவிடுவார்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் எழுத ஆள் தேடி நாளைக் கடத்தாதீர்கள். எந்தப் பிரதேசத்திலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. வாங்கியவன் தம்பி, ஆகவே அவன் பெயரில், அவன் கையெழுத்தோடு போகட்டும். திகதி, தொகை, கடையில் பேசிய வார்த்தை, கேட்கும் பரிகாரம் இவை இருந்தால் ஒரு பக்கம் போதும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் போனில் சொன்னது எழுத்து முறைப்பாடு ஆகாது. பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பில்லின் மூலப் பிரதியை அனுப்ப வேண்டாம், போட்டோப் பிரதி போதும். கடைகளில் தரும் வழுவழுப்பான பில் அடுப்புச் சூட்டில் கறுத்துப்போகும், நாளானால் எழுத்தும் மங்கும். அதனால் பிரதி எடுப்பதை நாளைக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்டக் கந்தோரில் தேங்குவது உங்களுக்கே தெரியும். விசாரணைத் திகதி சொல்லும் கடிதம் அப்படித் தேங்கினால் தம்பி போகாமல் விட்டதாகிவிடும். பதில் அனுப்ப உங்கள் கொழும்பு முகவரியையும், தம்பியின் போன் இலக்கத்தையும் கடிதத்தின் மேலேயே எழுதுங்கள்.