ஊர்ப் பெயர்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் ‘விபசார வழக்கில் சிக்கிய பெண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை. ‘பாலியல் தொழிலாளி’ என்றல்லவா எழுத வேண்டும்? வறுமையால் இதில் தள்ளப்பட்ட பாவப்பட்ட பெண்கள் அவர்கள். கல்லூரியில் இதைப் பேசினால், ‘சட்டவிரோதமான தொழிலுக்கு என்ன மரியாதை?’ என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பாவப்பட்டவர்களைக் குறிக்க எந்தச் சொற்கள் சரி, எவை கூடாது என்று ஒரு பட்டியல் தந்தால் வகுப்பில் கொடுக்க உதவும்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

தப்புதான். திருத்திவிட்டேன். பரணை ஒழித்தபோது கிடைத்த பழைய பேப்பர் கட்டு ஒன்று பத்து நாளாக மேசைமேல் கிடக்கிறது. அதற்குள் உங்கள் கடிதமும் வந்துவிட்டது.

முதலில் உங்கள் மாணவர்களுக்கு. 1956-ம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டத்தில் இதற்கென விடுதி நடத்துவது குற்றம், பொது இடத்தில் ஆள் அழைப்பது குற்றம், அந்த வருமானத்தில் இன்னொருவர் வாழ்வது குற்றம். வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் இந்தத் தொழிலைச் செய்வது மட்டுமே குற்றமில்லை. இதைச் சொல்லிவிட்டு மேலே பாடம் நடத்துங்கள். வறுமை பற்றி இன்னொரு நாள்.

பட்டியல் தர மாட்டேன். சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயில் பணியில் இருந்த பெண்களான தேவரடியார்கள் கோயிலுக்குக் கொடை கொடுத்ததைப் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். அதே சொல் தேய்ந்து இன்று தெருச் சண்டையில் என்னவாகப் புழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். அதுவும் பெரும்பாலும் ஒருவனுடைய அம்மாவை வைத்து. இந்தப் பக்கம் மகாராஷ்டிரத்தின் சாங்லியில் 1996-ல் இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் அமைப்பு தொடங்கியபோது ‘வேஷ்யா அந்யாய முக்தி பரிஷத்’ (வேசிகளை அநீதியிலிருந்து விடுவிக்கும் மன்றம்) என்று பெயர் வைத்தார்கள். நாம் வாயில் எடுக்கக் கூசும் சொல்லைத் தாங்களே பெயர்ப்பலகையில் போட்டுக்கொண்டார்கள். இதில் எதைச் சேர்க்க, எதை நீக்க?

நீங்களே பாருங்கள். ‘தொழிலாளி’ என்று எழுதச் சொல்லும் கடிதத்தில் இரண்டு இடத்தில் ‘பாவப்பட்ட’ என்று எழுதியிருக்கிறீர்கள். மில் தொழிலாளியை இப்படி எழுதுவீர்களா? தமிழில் பாவம் என்றால் இரக்கமும் உண்டு, பாதகமும் உண்டு. எந்தப் பாவத்தை நினைத்து எழுதினீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களை விட மோசமாக எழுதியவன்தான் கேட்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். ‘லாட்ஜில் 4 அழகிகள் மீட்பு’ என்று தலைப்பு வைத்தேன். இப்போது மேசையில் கிடப்பது அதுதான். ‘பெண்கள்’ என்று போட்டிருக்கலாம். போட்டால் யார் வாங்குவார்கள் என்பதுதான் அன்றைய ஞானம். நால்வரின் பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு. கடைசி வரியில் ‘வாடிக்கையாளர்கள் எச்சரித்து அனுப்பப்பட்டனர்’. அவர்களுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

அன்று சாயங்காலம் நான்கு மணி இருக்கும். அந்த நால்வரில் ஒருவர் மாடியேறி வந்தார். கையில் எங்கள் பேப்பர், நான்காக மடித்து. காலையில் கோர்ட்டில் அபராதம் கட்டிவிட்டு வருகிறேன் என்றார். மீட்கப்பட்டவரிடம் எதற்கு அபராதம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ‘அழகி’ என்று போட்டதற்குச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து, ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

“அதுல எனக்கென்ன சார் நஷ்டம்? பேரு போட்டிருக்கீங்க, அதுவும் போகட்டும். அது ஸ்டேஷன்ல நான் சொன்ன பேரு. ஊரு மட்டும் வாய்ல நெசமா வந்துடுச்சு.”

சின்ன ஊர். நாற்பது வீடுதானாம். அங்கிருந்து மெட்ராசுக்கு வந்த பொம்பளை அவர் ஒருத்திதான். வயதும் சரியாக இருந்தது. டீக்கடையில் யாராவது எழுத்துக் கூட்டிப் படித்தால்கூடப் போதும்.

இப்படிப்பட்ட பெண்களின் பெயர், படம், அடையாளம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 மே 19-ல். 1999-ல் கொல்கத்தாவில் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கிலிருந்து கிளைத்த உத்தரவு அது. இப்போது முகத்தை மங்கலாக்குகிறார்கள். அப்புறம் லாட்ஜ் எந்தத் தெருவில் இருக்கிறது, பெண் எந்த மாவட்டம், என்ன நிறத்தில் சுடிதார் என்று எல்லாம் செய்தியில் வந்துவிடுகிறது. உங்கள் மாணவர்களைப் பட்டியலுக்குப் பதில் ஒரு மாதச் செய்திகளை எடுத்துவைத்து, தெரியக் கூடாதது என்னவெல்லாம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ‘பாலியல் தொழிலாளி’ என்று மரியாதையாக எழுதிவிட்டு ஊரைப் போடுகிறவர்களும் அகப்படுவார்கள்.

அன்று மாடியேறி வந்தவர், மறுப்பு போட முடியுமா என்று கேட்டார். செய்தி ஆசிரியர் சிரித்துவிட்டார். என்னவென்று போடுவது, ‘அந்த ஊரைச் சேர்ந்தவர் அல்ல’ என்றா? அந்தப் பெண்ணுக்கு எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது.

“வேணாம் சார். இன்னொரு தடவ அந்தப் பேரு வர வேணாம்.”

படிவரை போனவர் திரும்பி வந்து, அந்தப் பக்கம் போகிற பேப்பர் கட்டு எந்த பஸ்ஸில் ஏறும் என்று கேட்டார். ராத்திரி ஒன்பதரை வண்டி என்று சொன்னேன். மணி பார்த்தார். நாலே முக்கால்.