அடுப்படிக் கேள்வி பதில்: றப்பராகாத சைனீஸ் மாட்டிறைச்சி

கேள்வி: கனடாவில் இருக்கிற மகள் வீடியோவில் காட்டித்தந்தபடி, அங்கத்தைய சைனீஸ் கடைகளில் விற்கிற "பீஃப் அன்ட் புரொக்கோலி" செய்து பார்த்தேன். அரைக் கிலோ இறைச்சி போட்டேன். இறைச்சி தாச்சி நிறையத் தண்ணி விட்டு, சாம்பல் நிறமாகி, கடைசியில் றப்பர் மாதிரி இழுபட்டது. எங்கே பிழை?
– வாசகி, பரந்தன்

பதில்: அரைக் கிலோவையும் ஒரேயடியாகப் போட்டதுதான் முதல் பிழை. குளிர்ந்த இறைச்சி அவ்வளவும் விழுந்ததும் தாச்சியின் சூடு இறங்கிவிடும். விடுகிற சாறு உடனே ஆவியாகாமல் அடியில் தேங்கும். தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. இறைச்சி சிவந்து மணக்க 140 பாகையாவது வேண்டும். அதாவது நீங்கள் வதக்கவில்லை, அவித்திருக்கிறீர்கள். கடைக்காரரின் அடுப்பு நம்முடைய கேஸ் அடுப்பைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்கு சூடு தரும். அவர் ஒரு கிலோவைக் கொட்டினாலும் தாச்சி தாங்கும். நமக்கு ஒரு தரத்துக்கு 150 முதல் 170 கிராம்தான். அரைக் கிலோவை மூன்று தரமாகப் போடுங்கள்.

தாச்சியை வெறுமையாக வைத்து, மெல்லப் புகை கிளம்பும்வரை காயவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுழற்றி, இறைச்சியை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். பிறகு 40 விநாடி அகப்பையைத் தொடக்கூடாது. பெரும்பாலானவர்கள் பிழை விடுவது இந்த இடத்தில்தான். சும்மா நிற்கக் கை கேட்காது, கிண்டிக்கொண்டே இருப்பார்கள். அடிப்பக்கம் சிவந்ததும் பிரட்டி, இன்னொரு 30 விநாடி. நடுவில் இளஞ்சிவப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே கோப்பையில் எடுத்துவிடுங்கள். சோஸ் விட்டபின் அது திரும்பவும் கொதிக்கும், அப்போது முழுதாக வேகும். ஒட்டாத பூச்சுள்ள சட்டியை இப்படிப் புகைய வைக்கவேண்டாம், பூச்சு கெட்டுவிடும். இரும்புத் தாச்சியே நல்லது.

றப்பரானதற்கு வெட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். இறைச்சிக் கடையில் கேட்காமலே கறிக்குச் சதுரமாகத் துண்டு போட்டுவிடுவார்கள். "எலும்பில்லாத தசை, துண்டு போடாமல் முழுசாத் தாங்கோ" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முதுகுப் பக்கம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பின்தொடை. காலையில் அறுத்ததை மத்தியானமே சமைக்கவும் வேண்டாம். அறுத்துச் சில மணித்தியாலத்தில் தசை விறைத்துவிடும், திரும்ப இளக ஒரு நாளாவது பிடிக்கும். மூடிப் பிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு மணித்தியாலம் ஐஸ் பெட்டியில் வைத்தால் சோப்புக்கட்டி போல் இறுகும், கத்தி வழுக்காது. கல்லாக விடவேண்டாம். தசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நார் ஓடுகிற திசை தெரியும், விறகில் வரி ஓடுகிற மாதிரி. அதற்குக் குறுக்கே 3 மில்லிமீற்றர் தடிப்பில் சீவுங்கள். நாரோடு நீளவாட்டில் வெட்டினால், பல் அந்த முழு நாரையும் அறுக்கவேண்டும். குறுக்கே வெட்டினால் அந்த வேலையைக் கத்தியே செய்துவிடுகிறது.

கேள்வி: இறைச்சி மெத்தென்று வர அப்பச்சோடா போடச் சொல்கிறார்கள். நாங்கள் கறிக்குப் பப்பாக்காய்த் துண்டுதான் போடுவோம். எது நல்லது? சோடா மணக்காதா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: கறிக்குப் பப்பாக்காய் சரி, இதற்குச் சரிவராது. பப்பாக்காய்ப் பால் இறைச்சியின் புரதத்தையே அறுக்கிறது. மெல்லிய சீவலில் அது மேற்பரப்பைக் களியாக்கிவிடும், தாச்சியில் சிவக்காமல் ஒட்டும். சோடா செய்வது வேறு வேலை. அது மேற்பரப்பைக் காரமாக்க (உறைப்பல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை), சூட்டில் புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க முடியாமல் போகும். சாறு பிழிந்து வெளியே வராது.

அரைக் கிலோவுக்குத் தட்டையாக அரைத் தேக்கரண்டி சோடா, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். உழுத கிழட்டு மாடென்று சந்தேகமிருந்தால் முக்கால் தேக்கரண்டி. பிசைந்து 30 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு இரண்டு தண்ணியில் அலசி, கையால் இறுக்கிப் பிழியுங்கள். மணப்பதும் சவர்க்காரச் சுவை வருவதும் அலசாமல் விட்டவர்களுக்குத்தான்.

பிழிந்த இறைச்சியில் ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு விரலால் கிளறுங்கள். முதலில் கோப்பைக்குள் சளசளக்கும். இரண்டு நிமிடத்தில் இறைச்சி அதைக் குடித்து, கோப்பையின் அடி காய்ந்து, விரலில் பசைபோல் பிடிக்கும். அந்தப் பதத்தில் ஒரு மேசைக்கரண்டி கோர்ன்ஃபிளவர், கடைசியாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெயை முதலில் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது.

கேள்வி: மாங்குளத்தில் புரொக்கோலிக்கு எங்கே போவது?
– வாசகி, மாங்குளம்

பதில்: போகவேண்டாம். சீனாவில் இந்த முறைக்குப் போடுவது காய்லான் என்ற கீரை. அமெரிக்காவுக்குப் போன சீனர்கள் அங்கே சுலபமாகக் கிடைத்த புரொக்கோலியை அதற்குப் பதிலாகப் போட்டார்கள். நீங்களும் உங்கள் சந்தையில் உள்ளதைப் போடலாம். நுவரெலியாவிலிருந்து வெயிலில் வந்து மஞ்சள் பிடித்த புரொக்கோலியைவிடத் தோட்டத்துப் பயித்தங்காய் எவ்வளவோ மேல். சீனர்களும் அதை விரும்பிச் சமைப்பவர்கள்தான்.

300 கிராம் பயித்தங்காயை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, உப்புப் போட்ட கொதிதண்ணியில் ஒன்றரை நிமிடம் விட்டு, வடித்து, துணியில் ஒற்றுங்கள். ஒற்றாமல் போட்டால் பரந்தன் வாசகியின் தண்ணிப் பிரச்சினை உங்களுக்கும் வரும். கறிமிளகாயும் வெங்காயமும் அவிக்கத் தேவையில்லை. கோவாவைத் தவிருங்கள், தண்ணி விடும்.

கேள்வி: என் சோஸ் ஒருநாள் உப்புக் கரிக்கிறது, ஒருநாள் பசைமாதிரி இருக்கிறது. சரியான அளவு என்ன? அஜினோமோட்டோ கட்டாயமா? கடைசியில் நல்லெண்ணெய் விடலாமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: அரைக் கிலோ இறைச்சிக்கும் 300 கிராம் மரக்கறிக்கும்: சோயா சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, ஓயிஸ்ட்டர் சோஸ் இரண்டு, சிவப்புச் சீனி ஒன்று, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, தண்ணீரோ எலும்பு அவித்த தண்ணீரோ அரைக் கோப்பை, கோர்ன்ஃபிளவர் இரண்டு தேக்கரண்டி. உப்பு ஒரு துளியும் வேண்டாம். சோயா சோஸ் போத்தலுக்குப் போத்தல் உப்பு வித்தியாசம், அதனால் புதுப் போத்தலென்றால் ஒன்றரைக் கரண்டியில் தொடங்குங்கள். கடையில் பார்க்கிற அந்தக் கடும் மண்ணிறம் டார்க் சோயா சோஸால் வருவது. ஒரு தேக்கரண்டி போதும்.

கோர்ன்ஃபிளவர் என்பது வெள்ளை மாப்பொருள். மஞ்சள் சோளமாவைப் போட்டுவிட்டு எங்களைத் திட்டவேண்டாம். கலந்த சோஸில் கோர்ன்ஃபிளவர் அடியில் படியும், ஊற்றுவதற்கு முன் திரும்பக் கலக்குங்கள். தாச்சியின் நடுவில் கொட்டாமல் விளிம்பைச் சுற்றி விடுங்கள். பால்போல் கலங்கியிருப்பது கொதித்து 30 விநாடியில் தெளிந்து மினுங்கும், அதோடு இறக்கிவிடலாம். மினுங்கியபின்னும் வற்ற விட்டதால்தான் உங்களுக்குப் பசையானது.

அஜினோமோட்டோ கட்டாயமில்லை. ஓயிஸ்ட்டர் சோஸில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். நல்லெண்ணெய் பச்சை எள்ளில் ஆட்டியது, சைனீஸ் எண்ணெய் வறுத்த எள்ளில். மணம் ஒன்றல்ல. ஒரு தேக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இடித்துத் தூவினால் கிட்ட வரும்.

கேள்வி: அம்மம்மா மாட்டிறைச்சியைக் குசினிக்குள் விடமாட்டா. முற்றத்தில் விறகடுப்புத்தான். இதெல்லாம் அதில் சரிவருமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: அம்மம்மா உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறா. எரிகிற விறகின் சூட்டுக்கு வீட்டுக் கேஸ் அடுப்பு கிட்ட வராது. காய்ந்த பாலை விறகைப் பெருவிரல் தடிப்பில் கீறி எரியுங்கள். மொத்தக் கட்டை தணல்தான் தரும், இதற்குச் சுவாலை வேண்டும். சுவாலை தாச்சியின் அடியில் படவேண்டும், விளிம்பைத் தாண்டக்கூடாது; தாண்டினால் எண்ணெய் பற்றும். பற்றினால் தண்ணி ஊற்றாமல் மூடியால் மூடுங்கள்.

விறகடுப்பைத் திடீரென்று குறைக்க முடியாது, தாச்சியைத்தான் தூக்கவேண்டும். ஆகவே சோஸ், மரக்கறி, இறைச்சி எல்லாம் தனித்தனிக் கோப்பையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இறைச்சி மூன்று தரமும் முடிந்ததும் அதே தாச்சியில் எண்ணெய், நசுக்கிய உள்ளி நாலு பல்லு, ஒரு அங்குல இஞ்சி, 10 விநாடி. உடனே மரக்கறி, ஒரு நிமிடம். பிறகு இறைச்சியும் சோஸும். உள்ளியை முதலிலேயே போட்டால் இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாடு சமைப்பதில்லை. கோழியிலோ இறாலிலோ செய்யலாமா?
– வாசகி, வவுனியா

பதில்: செய்யலாம். கோழி நெஞ்சுத் தசைக்குச் சோடா கால் தேக்கரண்டி, 15 நிமிடம் போதும். சோஸ் அதே அளவு. ஆனால் இளஞ்சிவப்பு மிச்சமிருக்க எடுக்கிற கதை கோழிக்கு இல்லை, முழுதாக வேகவேண்டும். முல்லைத்தீவு இறால் கிடைத்தால் அதே கால் தேக்கரண்டி, அதே 15 நிமிடம். கடித்தால் கறுக்கென்று இருக்கும். இறாலைச் சுருண்டு நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள்.