கைப்பம்ப் இறுகினால் முதலில் குழாயைப் பாருங்கள்

கானரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்குக் கிளம்பப் பத்து நாள்தான் இருக்கிறது, படகுக் கழிப்பறையின் கைப்பம்ப் இறுகிவிட்டது, அழுக்குத் தண்ணீர் திரும்பி வருகிறது, இதனால் இருவருக்கும் தினமும் சண்டை என்று எழுதியிருந்தீர்கள். பம்பை மாற்ற அவசரப்படாதீர்கள். கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்தால் வெளியேற்றும் குழாய்க்குள் சுண்ணாம்பு போலப் படியும். எங்கள் ஒன்றரை அங்குலக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது சுண்டுவிரல் நுழையத்தான் வழி இருந்தது.

கடலோடு இணைக்கும் வால்வுகள் இரண்டையும் முதலில் மூடுங்கள். மறந்தால் படகுக்குள் கடல் வந்துவிடும். அப்புறம் குழாயைக் கரைக்குக் கொண்டுபோய் சிமென்ட் தரையில் ஓங்கி அடியுங்கள். சாம்பல் நிறச் சில்லுகள் பொலபொலவென்று கொட்டும். தண்ணீர் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வாத்து அலகு மாதிரி இருக்கும் ரப்பர் வால்வு தேய்ந்ததுதான் காரணம், அதையும் மாற்றுங்கள். கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள். நேராகப் போனால் சுமார் 2,700 கடல் மைல், ஏறக்குறைய மூன்று வாரம், நடுவில் கடையே கிடையாது.

பயணத்தில் ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை கூடுதலாகப் பம்ப் அடியுங்கள். வாரம் ஒருநாள் இரவு வினிகர் ஊற்றி விடுங்கள். வேலையை இருவரும் சேர்ந்தே செய்யுங்கள். ஒருவர் டார்ச் பிடித்தாலே பாதிக் கோபம் அடங்கிவிடும், எங்களுக்கு அடங்கியது.