பருத்த உடம்பில் ஏமாற்றும் இ.சி.ஜி.

கேள்வி: எங்கள் அண்ணாச்சிக்கு வயது 52, உயரம் 162 செ.மீ., எடை 98 கிலோ. பத்து வருஷமாகப் பிரஷர். இ.சி.ஜி. 'நார்மல்', எக்கோவிலோ (இதய ஸ்கேன்) இதயச் சுவர் 13 மி.மீ. 19 வயதாகும் என் மகன் 50 கிலோகூடத் தேறமாட்டான். அவனுக்கு இ.சி.ஜி. மிஷினே 'எல்.வி.எச்.' (இடது கீழறைத் தசை வீக்கம்) என்று அடித்துவிட்டது, எக்கோவில் ஒன்றுமில்லை. எதை நம்ப?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: இருவருக்குமே எக்கோவைத்தான். இ.சி.ஜி. தசையை அளப்பதில்லை, தோல்வரை வந்துசேரும் மின்சாரத்தை அளக்கிறது. நெஞ்சில் கொழுப்பு கூடக்கூட இதயம் லீடுக்கு (தோலில் ஒட்டும் மின்வாய்) எட்டப் போகும், அலை குட்டையாகும். ஒல்லியான இளவட்டங்களுக்கு நல்ல இதயமே நெட்டை அலை போடும்.

வி1 முதல் வி6 வரை நெஞ்சில் ஒட்டும் லீடுகள், ஏ.வி.எல். கை-கால் லீடுகளில் ஒன்று; ஆர் மேல்நோக்கிய அலை, எஸ் அதற்கடுத்துக் கீழிறங்குவது. வழக்கமான சோகோலோவ்-லயன் கணக்கில் வி1-இன் எஸ் அலையையும் வி5 அல்லது வி6-இன் ஆர் அலையையும் கூட்டி 35 மி.மீ. வந்தால் தசை வீக்கம். பருத்தவர்களிடம் கோட்டைவிடுவது இதுதான். கார்னெல் கணக்கு தேவலை: ஏ.வி.எல்.-இன் ஆர், வி3-இன் எஸ் இரண்டும் சேர்ந்து ஆணுக்கு 28, பெண்ணுக்கு 20 மி.மீ. தாண்டக்கூடாது. தொப்பை உதரவிதானத்தை மேலே தள்ள, இதயம் படுக்கைவசமாகச் சாய்வதால் ஏ.வி.எல். அலை அவ்வளவாகக் குறையாது. பழைய தாளிலேயே ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். தாளின் ஓரத்தில் அளவுகோலாகப் போடும் படி 10 மி.மீ. உயரம் இருக்கட்டும், 5 என்றால் பாதி அளவில் எடுத்தது, இரட்டிக்க வேண்டும்.

எக்கோவிலும் ஒரு பள்ளம் உண்டு. அண்ணாச்சிக்கு எக்கோ கணக்கில் இடது கீழறைத் தசை எடை 230 கிராம் என்று வையுங்கள். உடல் பரப்பு 2.1 ச.மீ.; வகுத்தால் 110. ஆணுக்கு 115 வரை சரி என்பதால் 'நார்மல்' ஆகிவிடும்! பருமனே பரப்பைக் கூட்டி வீக்கத்தை மறைக்கிறது. மீட்டரில் உயரத்தின் 2.7 அடுக்கால் (இவருக்கு 3.68) வகுத்தால் 62, எல்லை 48தான். 'உயரத்துக்கு மாஸ் இண்டெக்ஸ் (இப்படி வகுத்த தசை எடை) போட்டுத் தாருங்கள்' என்று கேளுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் படம் தெளியும். ஸ்கேனில் சுவரைக் குறுக்கே நேராக இல்லாமல் சாய்வாக அளந்தால் சுவர் தடித்துத் தெரியும். இரு சுவரிலும் 1 மி.மீ. பிசகினாலே தசை எடை சுமார் 25 கிராம் மாறும்.

மகன் ஓடும்போது மயங்கியதுண்டா, குடும்பத்தில் யாரும் சின்ன வயதில் திடீரென இறந்தார்களா, இ.சி.ஜி.யில் டி அலை (ஒவ்வொரு துடிப்பிலும் ஆர், எஸ் அலைகளுக்குப் பின் வருவது) தலைகீழாக இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இதய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அண்ணாச்சி, இ.சி.ஜி. நார்மல் என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.